பாலத்துக்கு இந்தப் பக்கம்

கிட்ட வந்து உக்காரு. இந்தக் கல்லுல ரெண்டு பேருக்குத் தாராளமா இடம் இருக்கு. யாருன்னு கேக்க மாட்டேன், யாரா இருந்தாலும் சரி. பதினோரு நாளா மனசுக்குள்ளேயே பேசிப் பேசிப் பழகிப்போச்சு, எதிர்ல ஒரு ஆளை உக்காரவெச்சுக்கிட்டாத்தான் பேச்சு ஓடுது. இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்த ஊர்க் காத்து வாயிலிருந்து வார்த்தை வெளிய வர்றதுக்குள்ள பிடுங்கிக்கிட்டுப் போயிருது. விடிஞ்சு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வலது கைப்பக்கம் பாரு, பாத்தியா, அதுதான் கைலாசம், வடக்கு முகம். காங்கேயத்துல என் பட்டறைச் சுவத்துல இருபது வருஷமா மாட்டியிருந்த படத்துல நீல வானமும் கங்கையும் நாகமும் இருந்தது. இங்க வெறுங்கல்லும் பனியும்தான். ஆனாலும் பாத்த உடனே கை தானா கூப்பிக்கிச்சு. நேத்து எமதுவாரத்துல ஆரம்பிச்ச நடை, சாயங்காலம் இந்த அடிவாரத்து விடுதியில வந்து முடிஞ்சது. இன்னைக்கு அந்த மேட்டைத் தாண்டணும், டோல்மா கணவாய்னு சொல்றாங்க, அதைத் தாண்டிட்டா அந்தப் பக்கம் இறக்கம், நாளைக்கு மத்தியானம் சுத்து முடிஞ்சிரும். எதிர்ல நாப்பதடி தூரத்துல ஒரு சின்னப் பாலம் தெரியுதில்ல, மலையிலிருந்து வர்ற ஓடைக்கு மேல, அதைத் தாண்டினா ஏத்தம் ஆரம்பம். எங்க கூட்டம் இருபத்தெட்டுப் பேர். பாதிப் பேர் பாலத்தைத் தாண்டிட்டாங்க, கலர் கலர்ச் சட்டையெல்லாம் கூழாங்கல்லு மாதிரி மேல மேல போகுது. நான் ஷூ கயிறு கட்டறேன்னு சொல்லி இந்தக் கல்லுல உக்காந்தேன். கயிறு நல்லாத்தான் கட்டியிருக்கு. கொஞ்சம் பேச்சை நிறுத்து, கேளு. என் நெஞ்சுக்கிட்ட காதை வெச்சுக் கேளு. களக். மூச்சு உள்ள போறப்ப ஒண்ணுமில்லை, கடைசியில, முடியற எடத்துல, களக். கேட்டுதா?

எனக்கு இந்தச் சத்தம் தெரியும். ஐம்பது வருஷம் பம்ப்செட்டு மெக்கானிக்கா இருந்தவனுக்கு வேற என்ன தெரியும். ஸ்குரூ டிரைவர் முனையை மோட்டார் மேல வெச்சு, கைப்பிடியைக் காதுல வெச்சுக் கேட்டா எந்த பேரிங் போயிருக்குன்னு பிரிக்காமலே சொல்லுவேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சவன், ஆனா சத்தத்தைப் படிப்பேன். இது காத்து போற குழாய்ல தண்ணி நிக்கிற சத்தம். கிணத்துல இருந்தா குழாய் அடியில இருக்கற ஃபுட் வால்வைக் கழட்டிப் பாக்கலாம். நெஞ்சைக் கழட்டி எங்க வைக்கிறது. முந்தாநாள் ஏரிக்கரையில ஆரம்பிச்சது, இருமல்னு நெனச்சேன், விடுதியில படுத்தப்ப இருமலுக்குப் பின்னாடி இது இருந்தது. யார்கிட்டயும் சொல்லலை. சொல்றதுக்கு யாரு. காத்மாண்டுல ஒரு ஃபாரம் கொடுத்தாங்க, ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும், பேரும் போன் நம்பரும் எழுதணும்னு. எல்லாரும் மளமளன்னு எழுதறாங்க, பையன் நம்பர், மருமகள் நம்பர், ஒரம்பரை சொந்தக்காரங்க நம்பர். நான் பேனாவை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். கட்டிக்கலை நான், அதனால பிள்ளை குட்டி இல்லை. கடைசியில என்னோட இன்னொரு நம்பரையே எழுதினேன். அந்த போன் ஊர்ல தகரப்பெட்டிக்குள்ள அணைஞ்சு கிடக்கு. நான் செத்தா எனக்கே போன் வரும். சிரிக்காதே, சிரிச்சா எனக்கும் சிரிப்பு வரும், சிரிச்சா களக். இன்னைக்குக் காலையில கிளம்பறதுக்கு முன்னாடி வழிகாட்டி பாசாங் வரிசையா எல்லார் விரலையும் பிடிச்சு ரத்தத்துல எவ்வளவு பிராணவாயு இருக்குன்னு காட்டற அந்தக் குட்டி மிஷினை மாட்டினான். நேபாளத்து ஷெர்ப்பா, சின்ன வயசு, தமிழ்க் கூட்டத்தோடயே வந்து வந்து தமிழ் கத்துக்கிட்டவன். எழுபதுக்குக் கீழ காட்டினா மேல விடமாட்டான். என் முறை வர்ற வரைக்கும் கொதிக்கிற டீ டம்ளரை அந்த விரலால பிடிச்சுக்கிட்டு நின்னேன். பம்பு காத்து வாங்கினா தண்ணி ஊத்தி ஊத்தி உயிர் கொடுப்போம் பாரு, அது மாதிரி வாயைக் குவிச்சு இருபது மூச்சு இழுத்து இழுத்து விட்டேன். எழுபத்தி மூணு. "அப்பா ஓக்கே. ஆனா மெதுவா, மெதுவா. தண்ணி குடி. ஹீரோ வேலை வேணாம்"னான். மிஷினை ஏமாத்திட்டேன்னு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தது. மிஷினை ஏமாத்தற ஆளுங்களை எனக்குப் பிடிக்காது. மீட்டர்ல காந்தம் வெக்கிறவனைத் திட்டி அனுப்பியிருக்கேன்.

என்னை அந்த வரிசையில ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தார். என் ரூம்காரர், பேரு குஞ்சிதபாதம், மாயவரத்துப் பக்கம், ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவர். எழுபத்தொரு வயசு, என்னைவிட மூணு மூப்பு, குச்சி உடம்பு, மிஷின் அவருக்கு எண்பத்தெட்டு காட்டுது. ஜோடி சேராத ஆளுங்க ரெண்டு பேர் மிச்சம், அதனால காத்மாண்டுலேர்ந்து எங்களை ஒரே ரூம்ல போட்டுட்டாங்க. வாய் ஓயாது. எனக்குப் பேசற ஆளு வேணும்னு ஏங்கினேன், ஆனா இவர் பேச்சுல நான் பேச ஒரு இடுக்கு கிடையாது. கிரயப் பத்திரம், வில்லங்கம், எந்தெந்த ஊர்ல எந்தெந்தப் பங்காளி எப்படி ஏமாத்தினான், எல்லாம் ஒப்பிப்பார். ஊர்லேர்ந்து ஒரு தினக் காலண்டர் கொண்டுவந்திருக்கார், தாள் கிழிக்கிற காலண்டர், அட்டையோட. எல்லாரும் மாத்திரை, சாக்லேட்டுன்னு பையை ரொப்பிக்கிட்டு வந்தா இவர் காலண்டர். காலையில எழுந்த உடனே கர்ர்னு ஒரு தாள் கிழிப்பார், மடிச்சுப் பையில வெச்சுக்குவார், அப்பறம் எனக்கும் சேத்து ராசி பலன் படிப்பார். "மேஸ்திரி, உங்களுக்கு இன்னைக்கு அலைச்சல். எனக்கு லாபம். இந்தப் பாலைவனத்துல என்ன லாபமோ." தினமும் இதே. இங்க வந்தப்பறம் நாள் கிழமையே மறந்துபோச்சு, ஆளுக்கு ஒரு கடிகாரம், அவர் கிழிக்கிற தாள்தான் எனக்கு நாள். இன்னைக்குக் காலையில அவர் பலன் படிக்கலை. நான் கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன், நெஞ்சுச் சத்தத்தை எண்ணிக்கிட்டு. கர்ர். கொஞ்சம் கழிச்சு இன்னொரு கர்ர். "ராத்திரி உங்க நெஞ்சுல யாரோ ஆர்மோனியம் வாசிச்சாங்களே மேஸ்திரி"ன்னு மட்டும் சொன்னார். "குறட்டைங்க"ன்னேன். "குறட்டைக்கு எனக்கு வித்தியாசம் தெரியும்"னார். தெரியட்டும். நான் திரும்ப மாட்டேன். பாசாங் ரெண்டாந்தரம் விரலைப் பிடிச்சாலும், மிஷின் அறுபதே காட்டினாலும், தவழ்ந்தாவது போவேன்.

ஏன்னு கேக்கறயா. அதைச் சொல்லத்தான் உன்னைக் கிட்ட உக்காரச் சொன்னேன், இத்தனையும் அதைச் சொல்லாம இருக்கறதுக்குச் சொன்னது. எண்பத்திமூணு, மழை பொய்த்த வருஷம். வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணறு. தண்ணி இறங்க இறங்க ஆயில் இன்ஜினையும் கிணத்துக்குள்ள இறக்கிக்கிட்டே போவாங்க அப்ப, அறுபதடியில பாறையில ஒரு மேடை வெட்டி அதுல உக்காத்தியிருந்தாங்க. மூணு மணி நேரம் ஓடி நின்னுபோச்சு, வாங்கன்னாங்க. நானும் என் தம்பி காளியண்ணனும் போனோம். தொழில் நான் கத்துக்கொடுத்தது. அவன் முன்னாடி, நான் பின்னாடி, கல் படியில இறங்கறோம். இன்ஜின் விட்ட விஷக்காத்து கிணத்துக்குள்ள நின்னா கண்ணுக்குத் தெரியாது, அது வாசனையும் காட்டாது. பாதிப் படியில எனக்கு மூச்சு முட்டுச்சு. காதுக்குள்ள தேனீ. "காளி, மேல வாடா, சரியில்லை"ன்னேன். "நீ போண்ணா, உனக்கு எப்பவும் இப்படித்தான், நான் ஒரு சுத்து சுத்தி ஸ்டார்ட் பண்ணிட்டு வர்றேன்"னான். நான் ஏறிட்டேன். மேல வந்து வாய்க்கால் மேட்டுல குப்புறப் படுத்துக் காதைக் கிணத்துப் பக்கம் வெச்சேன். ஹேண்டில் சுத்தற சத்தம் ஒண்ணு. ரெண்டு. மூணாவது வரலை. அவ்வளவுதான். நாப்பது வருஷமா அந்த மூணாவதுக்காகக் காதைத் தீட்டி வெச்சுக்கிட்டு இருக்கேன். கயிறு கட்டித் தூக்கினாங்க. எழவுக்கு வந்தவங்க யாரும் கெட்ட வார்த்தை சொல்லலை, "அண்ணங்காரன் பாதியில ஏறி வந்துட்டானாம்"னு ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட சொன்னதைப் பந்தல் ஓரத்துல கேட்டேன். தாழ்ந்த குரல்ல சொன்னது, என் காதுக்கு மட்டும் கேட்டது. அம்மா கேக்கவேயில்லை. கேட்டிருந்தா தேவலை. அதுக்கப்பறம் நான் எதையும் பாதியில விடறதில்லை. தட்டுல போட்டது ஊசிப்போயிருந்தாலும் தின்னு முடிப்பேன். தப்பான பஸ்ஸுல ஏறிட்டாக் கூடக் கடைசி ஸ்டாப்புல போய்த்தான் இறங்குவேன், ஒருதரம் பழனிக்குப் போறவன் கொடைக்கானல்ல போய் நின்னேன். எல்லைச் சாவடியில பஸ் அஞ்சு மணி நேரம் நின்னப்ப இதையெல்லாம் முதல் தடவையா எனக்கு நானே வாய் விட்டுச் சொன்னேன். குஞ்சிதபாதம் பக்கத்து சீட்டுல குறட்டை விட்டுக்கிட்டு இருந்தார், அந்தத் தைரியத்துலதான். இப்பப் புரியுதா. சாமியைச் சுத்த வந்து பாதியில திரும்பினா, போன வழியே திரும்பினா, அது மறுபடியும் அந்தப் படி. மறுபடியும் வாய்க்கால் மேடு. அதுக்கு அந்தக் கணவாய்லயே விழுந்து கிடக்கலாம். பயமில்லையான்னு கேட்டா, இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். களக். இப்ப ரெண்டு பக்கமும் கேக்குது. எழுந்திருக்கணும். கால் இருக்கிற எடம் தெரியலை. எழுந்திருக்கணும்னு நெனச்சு எவ்வளவு நேரம் ஆச்சு. ஒரு யாக் மாடு கழுத்து மணியோட போகுது, அந்த மணிச் சத்தம் தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. காளி, நீ முன்னாடி போயிட்டயா. இல்ல, நீ காளி இல்ல, நீ யாருன்னு நான் கேக்கலையே.

"மேஸ்திரி, கொஞ்சம் தள்ளிக்குங்க. கல்லை உங்க பேர்ல ரிஜிஸ்தர் பண்ணியாச்சா?"

நீ எழுந்து நில்லு, அவர் உக்காரட்டும். வந்துட்டார் மனுஷன். பாலம் வரைக்கும் போனவர் திரும்பி வந்திருக்கார், குரங்குக் குல்லாய்க்குள்ள மூக்கு மட்டும் தெரியுது. உக்காந்தார், என் முழங்கால் மேல கை வெச்சார். நான் களக்கை அடக்கிக்கிட்டு வாயை மூடிக்கிட்டேன். தடியால பாலத்துக்குக் கீழ காட்டினார்.

"அது என்ன தண்ணி?"

"பனி உருகி வர்ற தண்ணிங்க."

"எங்கேர்ந்து வருது, பாத்துச் சொல்லுங்க."

பாத்தேன். வடக்கு முகத்தோட அடியிலேர்ந்து, ரெண்டு குன்றுக்கு நடுவுல, நேரா வருது. "சாமி மேலேர்ந்து வருதுங்க."

"சாமி மேல வழிஞ்சு வெளியே வர்ற தண்ணிக்கு நம்ம ஊர்க் கோயில்ல என்ன பேரு?"

"கோமுகித் தண்ணிங்க."

"பிரதோஷத்தன்னைக்குக் கோமுகியைத் தாண்டுவீங்களா?"

எங்க ஊர் ஈஸ்வரன் கோயில்ல ஒரு பிரதோஷம் விட்டதில்லை நான். உனக்குத் தெரியாட்டிச் சொல்றேன், மத்த நாள்ல சாமியை முழுசாச் சுத்தலாம், பிரதோஷத்தன்னைக்கு மட்டும் அபிஷேகத் தண்ணி வெளியே வர்ற அந்தக் கோமுகி வரைக்கும்தான் போகணும், தாண்டக் கூடாது, வந்த வழியே திரும்பணும். அப்படித் திரும்பறதுதான் முழுச் சுத்து. குருக்கள் சொல்லிக் கேட்டு நானே எத்தனை பேரைக் கையைப் பிடிச்சுத் திருப்பி விட்டிருக்கேன்.

"இன்னைக்குப் பிரதோஷமுங்களா?"

முதுகுப் பையைத் திறந்தார். துண்டுல சுத்தின காலண்டரை எடுத்து என் மடியில வெச்சார். கையுறை போட்ட விரல், திரயோதசிங்கற எழுத்து மேல. "முப்பத்தாறு வருஷம் தேதி பாத்து முத்திரை குத்தினவன்யா நான்."

"பிரதோஷம் சாயங்காலந்தானுங்களே."

"இங்க எது சாயங்காலம்? சீனாக்காரன் கடிகாரம் ஒண்ணு சொல்லுது, பாசாங் கடிகாரம் ஒண்ணு சொல்லுது, என் கையில கட்டியிருக்கிறது மாயவரத்து நேரம். உங்களுக்கு எது தோதோ அதை வெச்சுக்குங்க."

"அப்ப அத்தனை பேரும் தாண்டிப் போறாங்களே."

"அவங்ககிட்ட காலண்டர் இல்லை."

"நீங்க?"

"நான் எப்படிய்யா தாண்டறது? காலண்டரே என்னுதாச்சே."

எண்பத்தெட்டு. மிஷின் அவருக்கு எண்பத்தெட்டு காட்டினது. எனக்கு அது மட்டும் மண்டைக்குள்ள சுத்துது. எண்பத்தெட்டு உள்ள ஆளு. வீட்டம்மாவோட ஒத்தைக் காப்பை இந்தச் சுத்துக்காக வித்தேன்னு சொன்னவர். அப்பத்தான் கர்ர். காலையில படுத்திருந்தப்ப கேட்ட கர்ர். அப்பறம் இன்னொரு கர்ர். ரெண்டு தாள். நேத்துத் தாளும் இன்னைக்குத் தாளும். இன்னைக்கு நெஜத்துல துவாதசி. நாளைக்குத்தான் பிரதோஷம். அவர் முகத்தைப் பாத்தேன், அவர் மலையைப் பாத்துக்கிட்டு இருந்தார், பத்திரத்துல கையெழுத்து ஒத்துப்போகுதான்னு பாக்கற மாதிரி. அந்த பஸ்ஸுல விட்டது குறட்டையே இல்லை. என் காதையே ஏமாத்தின குறட்டை, காளி கதையெல்லாம் கேட்டிருக்கார். சொல்லிடலாம், "ரெண்டு தாள் கிழிச்சீங்க, கேட்டேன்"னு. நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. சொன்னா என்ன ஆகும், இவர் பாலத்தைத் தாண்டுவார், நானும் தாண்டுவேன், களக், அந்தக் கணவாய். சொல்லலைன்னா. கிணத்துல நான் மேல வாடான்னு கத்தினேன், அவ்வளவுதான் செஞ்சேன், கத்திட்டு ஏறிட்டேன். அவன் கூடவே நின்னு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். மேல அம்மா மயக்கம் போட்டுக் கிடக்கறான்னோ, முதலாளி வேலையே வேண்டாம்னுட்டார்னோ. அவன் ஏறி வந்திருப்பான். எனக்கு அப்படி ஒரு பொய் தோணவேயில்லை. அந்தப் படியில யாராவது ஒருத்தர் எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பொய் சொல்லியிருந்தா. நாப்பது வருஷத்துல ஒரு நாள் கூட இந்த மாதிரி நான் நெனச்சுப் பாத்ததில்லை.

"ஆமாங்க"ன்னேன். "கோமுகியைத் தாண்டக் கூடாது."

தூக்கி விட்டார். ஓடைக்கரை வரைக்கும் பிடிச்சுக்கிட்டே போனார், குனிஞ்சு தண்ணியை அள்ளி முதல்ல என் தலையில தெளிச்சார், அப்பறம் தன் தலையில. பாலத்து முதல் பலகை எங்க காலுக்கு ஒரு சாண் தூரத்துல. மலையைப் பாத்துக் கும்பிட்டோம். திரும்பினோம், அவர் முன்னாடி, நான் பின்னாடி. "பாசாங் தம்பி! ரெண்டு டிக்கெட்டு ரிட்டர்ன்!" பாசாங் மேலேர்ந்து இறங்கி ஓடிவந்தான், திட்ட வாயைத் திறந்தவன் என் முதுகுல காதை வெச்சான், திட்டலை. "அப்பா, ஏன் சொல்லலை? ஏன் சொல்லலை?" அது மட்டும்தான். சிலிண்டர், மூக்குல குழாய், விடுதியிலேர்ந்து கூப்பிட்ட ஜீப்பு. ஏறின தூரமெல்லாம் ஜன்னல்ல பின்னால போகுது, கீழ இறங்க இறங்க மூச்சு எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைக்குது, கடனாக் கொடுத்ததை யாரோ கேக்காமலே கொண்டுவந்து வெக்கிற மாதிரி. தார்ச்சன் ஊர் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா படத்துல என் நெஞ்சைக் காட்டி ஏதோ சொன்னாங்க, பாசாங் மொழிபெயர்த்தான், இன்னும் ரெண்டு மணி நேரம் ஏறியிருந்தா திரும்பி வந்திருக்க மாட்டேனாம். அங்கயும் ஒரு ஃபாரம். இவருக்கு நீங்க யாருன்னு கேட்டாங்க. குஞ்சிதபாதம், "ஒரே ரூம்"னார்.

அது நேத்து. நீ இன்னும் இருக்கயா. இரு, இந்தக் கட்டில் ஓரத்துல உக்காந்துக்கோ, கிட்டத்தான். ஜன்னல்ல வெளிச்சம் வந்திருச்சு, மூக்குல குழாய் உஸ்ஸுங்குது, களக் பாதியாக் கொறைஞ்சிருக்கு. மத்தவங்க இந்நேரம் அந்தப் பக்கத்து இறக்கத்துல இருப்பாங்க, மத்தியானம் வந்துருவாங்க, சுத்து முடிச்ச முகத்தோட. பக்கத்துக் கட்டில்ல அவர் எழுந்துட்டார். பல் தேய்க்கிறார், தொண்டையைச் செருமறார், செருப்பு தேடறார். நான் கண்ணைத் திறக்கலை. துண்டு பிரியற சத்தம். காலண்டர் அட்டை முழங்கால்ல இடிக்கிற சத்தம். கட்டை விரல் தாளோட ஓரத்தை நெருடுது, தூக்குது, எனக்கு அதுகூடக் கேக்குது. என் பக்கம் திரும்பறார், கட்டில் கிறீச்சுங்குது. நான் தூங்கறவன் மாதிரி ஒரு குறட்டை விட்டேன். அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான்.

விரலை எடுத்துட்டார். திரயோதசித் தாளைத் தடவி நேராக்கினார். கிழிக்காம காலண்டரைத் துண்டுல சுத்திப் பையில வெச்சு, ஜிப்பை மெதுவா, ரொம்ப மெதுவா இழுத்து மூடினார்.